தாமே பிறமொழி கற்றலும் சீகன்பால்கு காட்டிய நெறியும்

பிறமொழி ஒன்றைத் தாமே கற்க விழைவோர் முதற்கண் நாடுவன இலக்கண நூலும் அகராதியுமே. இவை வேண்டற்பாலன என்பதில் ஐயமில்லை. எனினும், இவ்விரண்டையும் நெட்டுருச் செய்தும் அம்மொழியில் நான்கு தொடர் தடையின்றிப் பேச இயலாதார் பலரை நாம் காண்கின்றோம். தாமே கற்றல் என்பது துணையின்றிக் கற்றல் அன்று. கற்கும் நூலையும் காலத்தையும் துணைவரையும் கற்பவரே வகுத்துக்கொள்ளுதலாம். இதனைத் தமிழ் கற்ற ஐரோப்பியர் ஒருவரின் முயற்சியைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

செருமனி நாட்டினராகிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, டேனிய அரசரால் சமயப்பணிக்கென விடுக்கப்பெற்று, 1706 சூலைத் திங்களில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். உடன்வந்த புளூச்சோ போர்த்துக்கீசிய மொழியைப் பயில, இவர் தமிழை மேற்கொண்டார்.

இவர் முதலில் துறந்தது நாணத்தை. முதிய கணக்காயர் ஒருவரை அவர்தம் மாணாக்கருடன் தம் இல்லத்திற்கு வருவித்து, அச்சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஆலே பல்கலைக்கழகத்தில் பயின்ற ஒருவர் இங்ஙனம் அரிச்சுவடி மாணாக்கராக அமர்ந்தமை கருதத்தக்கது. கணக்காயரிடம் எழுத்தும் ஒலியும் கிடைத்தன; பொருள் விளங்கவில்லை. ஆகவே, ஐரோப்பிய மொழிகள் சில அறிந்த அழகப்பன் என்பாரைத் துணைக்கொண்டார். ஒலிக்கு ஒருவர், பொருளுக்கு ஒருவர் என அவர் வகுத்துக்கொண்ட முறை இது.

அவர்தம் நாள்முறையை 1708-இல் எழுதிய மடல் ஒன்றால் அறிகின்றோம். காலை 7 முதல் 8 மணி வரை முன்பு குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் மீளப் பயில்வார். 8 முதல் 12 வரை முன்பு படித்திராத தமிழ் நூல்களைப் படிப்பார். அப்பொழுது முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். புலவர் அருஞ்செய்யுளைப் பேச்சு நடையில் விளக்குவார். எழுத்தர் புதுச்சொற்களை உடனே குறிப்பார். உண்ணும்போதும் ஒருவர் படிக்கக் கேட்பார். பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் நூற்பயிற்சி. இரவு 7 முதல் 8 வரை, கண்ணுக்கு ஓய்வு தந்து, பிறர் படிக்கக் கேட்டல். பழையது மீட்டலும் புதியது கொள்ளலும் செவியால் நிலைநிறுத்தலும் இந்நாள்முறையில் ஒருங்கே அமைந்துள்ளன.

நூலைத் தெரிந்தெடுத்ததிலும் அவர்க்கு ஓர் அளவுகோல் இருந்தது. தம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றத்தக்க நடையுடைய நூல்களையே அவர் பெரிதும் விரும்பினார். அத்தகைய நூலை, அறியாத சொல்லொன்றும் எஞ்சாதவாறு, பன்முறை திரும்பத் திரும்பப் படித்தார். உரைநடைச் சொற்களுக்கு ஒன்றும் செய்யுட் சொற்களுக்கு ஒன்றுமாக இரு சொற்றொகுதிகளைத் தொகுத்தார். பேச்சுக்கும் செய்யுளுக்கும் இடைவெளி மிகுந்த தமிழில் இப்பாகுபாடு தக்கதே. நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகளை 1708-இல் எழுதினார். இலத்தீனில் அவர் இயற்றிய தமிழிலக்கணம் 1716-இல் ஆலே நகரில் அச்சாயிற்று. இலக்கணம் அவர்க்குப் பயிற்சியின் விளைவாக அமைந்தது என்க.

இந்நெறிக்கும் எல்லை உண்டு. விரைந்து பெறும் சரளம் செப்பம் ஆகிவிடாது. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சிட்டு முடிக்கப்பெற்றது; அதன் நடை பின்வந்தோர்க்கு நிறைவு தரவில்லை. பாபிரிசியு அதனைப் புதிதாக மொழிபெயர்த்து 1772-இல் வெளியிட்டார். சரளம் வந்த பின்னரே திருத்துவாரை மிகுதியும் நாடவேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடமாம்.

இன்று பிறமொழி கற்பார்க்குப் புலவரும் எழுத்தரும் வாய்த்தல் அரிது. ஆயினும் படிப்போன் பணியை ஒலிப்பதிவும், எழுத்தர் பணியைக் கற்பவரின் குறிப்பேடும் ஓரளவு நிறைவேற்றும். நாள்தோறும் குறித்த நேரத்தில் பழையதை மீட்டலும், பின்பற்றத்தக்க நூலொன்றை முற்றக் கற்றலும், பிழைக்கு நாணாது பேசுதலும், பிழை காட்டுவாரைத் தேடிக்கோடலும் கற்பவரே செய்துகொள்ள வேண்டுவன. இவற்றுள் இறுதியில் கூறிய ஒன்றையே பலரும் கைவிடுகின்றனர். மொழியறிவு பாதியில் நின்றுவிடுவதும் அதனாலேயே என்பது நம் கருத்து.