வெக்கை ஒழிந்தது, கோமாரி?

வெக்கை நோய் புகுந்த தொழுவம் சில நாட்களில் வெறுமையாகிவிடும். உழவு மாடுகளை இழந்த குடும்பம் அவ்வாண்டுச் சாகுபடியையும் இழக்கும். முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் 1920-களில் எட்வர்ட்ஸ் என்பார், ஆடுகளின் உடலில் செலுத்தி வீரியம் குறைத்த கிருமியைக் கொண்டு இந்நோய்க்குத் தடுப்பூசி கண்டார். ஒருமுறை போட்டால் பல்லாண்டுகள் காக்கும் ஊசி அது.

1954-ல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. மாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கேனும் ஊசி போடுவது இலக்கு. நோய் வெகுவாகத் தணிந்தது, ஆயினும் மறையவில்லை. ஊசி போடாத மாடுகளும், ஆண்டுதோறும் பிறக்கும் கன்றுகளும் அதற்கு இடமளித்தன. சந்தைக்குச் சந்தை ஓட்டிச் செல்லப்பட்ட கால்நடைகள் அதனைப் பரப்பின. 1992-ல் ஐரோப்பிய உதவியுடன் தொடங்கிய புதிய திட்டம், ஊசியுடன் கண்காணிப்பையும் வலியுறுத்தியது. 1995-க்குப் பின் நம் நாட்டில் இந்நோய் காணப்படவில்லை. அதன்பின் ஊசியே நிறுத்தப்பட்டது. ஊசி போட்ட மாட்டின் இரத்தத்திலும், நோயுற்றுத் தேறிய மாட்டின் இரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்குமாதலின், ஊசி தொடரும்வரை நோய் உண்மையில் ஒழிந்ததா என்பதை அறிவது அரிது. 2006-ல் இந்தியாவும், 2011-ல் உலகம் முழுவதும் வெக்கையற்றவை என அறிவிக்கப்பட்டன.

கோமாரி இவ்வளவு எளிதில் பணியாது. நம் நாட்டில் இதன் கிருமி ஓ, ஏ, ஆசியா-1 என மூவகைப்படும். ஒன்றுக்கான எதிர்ப்பாற்றல் மற்றொன்றைத் தடுப்பதில்லை. ஊசியின் காப்பும் ஏறத்தாழ ஆறு மாதமே. வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பால் வற்றும், நடை கெடும், இளங்கன்றுகள் மடியும்.

2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தில், கோமாரி ஊசியுடன், நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள பெண் கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியும் சேர்க்கப்பட்டது. மாடுகளுக்குப் பன்னிரண்டு இலக்கக் காதுவில்லையும் பொருத்தப்பட்டது. முழுச் செலவையும் மைய அரசு ஏற்றதற்குப் பொருளியல் காரணம் உண்டு. ஊசி போட்டபின் சில நாட்கள் பால் குறையக்கூடும். அந்த இழப்பு மாட்டுக்காரருடையது. பயனில் ஒரு பகுதியோ அண்டைத் தொழுவங்களுக்குச் செல்கிறது. ஆகவே அவர் தயங்குவதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. கட்டணமும் விதித்தால் தயக்கம் மிகும். விடுபட்ட மாடுகளின் வழியே நோய் மீண்டும் நுழையும்.

சந்தையில் வாங்கிய மாட்டை மூன்று வாரமேனும் தனியே வைக்குமாறு கால்நடை மருத்துவர்கள் கூறுவர். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு இரண்டாவது கொட்டகை ஏது? கொல்லையின் மறுகோடியில் ஒரு மரத்தடியும், தனித் தண்ணீர்த் தொட்டியும் இருப்பினும், ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல்.