சக்கரம் செய்யும் ஊரில் சரியான நட்டைத் தேடி!

கேரவன் என்றதும் நம் நினைவுக்கு வருவது சினிமா ஷூட்டிங்தான். பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி பக்கம் போனால், நடிகர்களுக்காகக் காத்திருக்கும் அந்தப் பெரிய ஏ.சி. வண்டிகளைப் பார்க்கலாம். இப்போது அந்த ஆசை சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது. பழைய வேன் ஒன்றை வாங்கி, ஆர்.டி.ஓ. அனுமதியோடு கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்துக்கொண்டு கோயில் குளம் என்று கிளம்பிவிடுகிறார்கள்.

எங்கள் அம்பத்தூர் தெருவிலும் ஓர் அண்ணன் அப்படி ஒரு வேன் வைத்திருக்கிறார். போன மழைக்காலத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில், இடப்பக்கம் இரண்டு ரிம்மும் நெளிந்துவிட்டன. புதிதாக வாங்கினால் செலவு அதிகம் என்று, பழைய அலாய் வீல் இரண்டைத் தேடிப் பிடித்து வந்தார். ஐந்து ஓட்டை, மாட்டியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. பழைய நட்டுகளையே போட்டு முறுக்கினார். வேலை முடிந்தது.

அடுத்த வாரமே குடும்பத்தோடு காஞ்சிபுரம். திரும்பும்போது இரவு பத்து மணி. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி, நெமிலிச்சேரியை நெருங்கும்போது பின்னால் ‘டக்... டக்...’ என்று சத்தம். ஸ்டீயரிங் லேசாக உதறியது. ஓரங்கட்டி, செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தார். ஒரு சக்கரத்தில் இரண்டு நட்டைக் காணோம். மீதி மூன்றும் விரலால் சுற்றினாலே கழன்று வந்தன. உள்ளே கட்டிலில் பிள்ளைகள் இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் யோசிக்கப் பயமா இருக்கு” என்கிறார் அண்ணன்.

சக்கரத்தின் பிறந்த வீடு

இதில் ஒரு வேடிக்கை. நம்ம ஏரியா வாகன உதிரிபாகங்களின் பிறந்த வீடு. சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா, 1960-களில் பாடியில் வேரூன்றிய நிறுவனம். அதே பாடியில் 1966-ல் தொடங்கியது நட்டு, போல்ட்டுக்குப் பேர்போன சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி அனுப்பிய கம்பெனி அது. ஆவடியில் ராணுவ டேங்க்கே செய்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை. இத்தனை இருந்தும், தவறான நட்டோடு ஓடும் வண்டிகள் இங்கேயும் உண்டு. காரணம், ‘மாட்டினால் சரி’ என்று நாம் நினைப்பதுதான்.

மறுநாள் அண்ணன் அந்த வீலையும் நட்டையும் எடுத்துக்கொண்டு எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைப் பெரியவரிடம் போனார். நட்டை விரலால் தடவிப் பார்த்தவர் சொன்னாராம்: “தம்பி, ஓட்டை சேர்ந்தா போதும்னு நினைச்சுட்டீங்க. நட்டு உட்கார்ற இடத்தைப் பார்த்தீங்களா?”

மூன்று விதமான ‘உட்காருமிடம்’

நட்டு வீலைத் தொடும் இடம் மூன்று விதமாக இருக்கும். ஒன்று, புனல் மாதிரி சரிவானது. இரண்டாவது, ஆட்டுக்கல் குழி மாதிரி உருண்டையானது. மூன்றாவது, வாஷரோடு தட்டையாக உட்காருவது. வீலில் எந்த வடிவமோ, நட்டிலும் அதே வடிவம் இருக்க வேண்டும்.

ஆட்டுக்கல் குழியில் குழவி எப்படிப் பொருந்தி உட்காருகிறது? அங்கே ஒரு கூம்பை வைத்தால், ஓரத்தில் மெல்லிய வளையமாக மட்டும்தான் தொடும். அண்ணன் வண்டியில் நடந்தது அதுதான். பழைய இரும்பு ரிம்முக்கான கூம்பு நட்டு, உருண்டைக் குழி உள்ள அலாய் வீலில் ஏறியது. முறுக்கும்போது இறுகியது போலவே தெரிந்தது. ஓட ஓட அதிர்வில் அந்த மெல்லிய வளையம் நசுங்கியது, பிடிப்பு போனது, நட்டு தானாகக் கழன்றது.

மரை பொருந்துகிறதா?

அடுத்த விஷயம் மரை. மாருதி கார்களில் பொதுவாக 12 மி.மீ. ஸ்டட், 1.25 மரை. ஹூண்டாய், டொயோட்டா கார்களில் பொதுவாக அதே 12 மி.மீ., ஆனால் 1.5 மரை. பார்வைக்கு இரண்டு நட்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு சிக்கும். அங்கேதான் நாம் வீல் ஸ்பேனரை மாட்டி, காலால் மிதித்து ஏற்றுகிறோம். நட்டும் கெட்டது, ஸ்டட்டும் கெட்டது. மனுஷனுக்கு மரை கழன்றால் ஊர் சிரிக்கும். சக்கரத்துக்குக் கழன்றால் வீடே அழும்.

இதற்கு ஒரு எளிய சோதனை: நட்டை முதலில் கையால் மட்டும் சுற்றுங்கள். சரியான நட்டு, வெண்ணெய் மாதிரி கடைசி வரை போகும். 12 மி.மீ. ஸ்டட்டில் குறைந்தது 12 மி.மீ. ஆழத்துக்கு மரை பிடித்திருக்க வேண்டும். அதாவது 1.5 மரை என்றால் 8 சுற்று, 1.25 மரை என்றால் 10 சுற்று. அதற்கு முன்பே சிக்கினால் அந்த நட்டு வேண்டாம்.

வீல் வாங்கும் முன்...

ஜி.பி. ரோட்டில் புதிது வாங்கினாலும், புதுப்பேட்டையில் பழையது வாங்கினாலும், உங்கள் பழைய வீல் ஒன்றையும் நட்டு ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பிறகு இவற்றைப் பாருங்கள்:

• பி.சி.டி. – ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். நான்கு அல்லது ஆறு ஓட்டை என்றால், எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து ஓட்டையில் எதிரே ஓட்டை இருக்காது. அதனால் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையங்களை அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். 67.2 மி.மீ. வந்தால் பி.சி.டி. சுமார் 114.3.

• நடு ஓட்டை – வண்டியின் ஹப்பில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். பெரிதாக இருந்தால் இடையில் ஹப் ரிங் தேவை.

• ஆஃப்செட் – வீல் உள்ளே தள்ளியிருக்கிறதா, வெளியே தள்ளியிருக்கிறதா என்ற அளவு. இது மாறினால் டயர் உரசும், பேரிங் சீக்கிரம் போகும்.

• தாங்கும் எடை – கேரவனுக்கு இதுதான் முக்கியம். 100 லிட்டர் தண்ணீர் டேங்க் என்றால் 100 கிலோ. கட்டில், பேட்டரி, சிலிண்டர் எல்லாம் தனி. டயரின் பக்கவாட்டில் உள்ள லோடு எண்ணையும் பாருங்கள். 100 என்று இருந்தால் அந்த ஒரு டயர் தாங்குவது 800 கிலோ.

• ஐ.எஸ்.ஐ. முத்திரை – புது ரிம் என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள். பழைய ரிம் என்றால் விரிசல், வெல்டிங் ஒட்டு, ஓவலாகத் தேய்ந்த ஓட்டை இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

முறுக்குவதிலும் முறை உண்டு

ஹப்பிலும் வீலின் பின்பக்கத்திலும் உள்ள துருவையும் மண்ணையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். அங்கே தடிமனாகப் பெயின்ட் அடிக்க வேண்டாம். அது நசுங்க நசுங்க நட்டு தளரும். மரையில் ஆயில், கிரீஸ் போடாதீர்கள். ஒரு நட்டை முறுக்கியதும் அடுத்ததற்குப் போகாமல் எதிர்ப்பக்கம் போங்கள், கோலத்தில் நட்சத்திரம் போடுவது மாதிரி.

‘கன்’ வைத்து ‘டர்ர்ர்’ என்று இறுக்குவதோடு விடாதீர்கள். அளவுக்கு மீறினால் ஸ்டட் இழுபட்டுப் பலவீனமாகும். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில் இருக்கட்டும். சிறிய கார்களுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 10 கிலோ தொங்குகிற அளவு விசை அது. வேனுக்கு இன்னும் அதிகம் தேவைப்படலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி.

எல்லாவற்றையும்விட முக்கியம், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்ப்பது. புதிதாக மாட்டிய வீல் அந்தத் தூரத்தில்தான் நன்றாகப் படியும்.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள்

நான்கு வீலும் அலாய்க்கு மாறியிருக்கும். ஸ்டெப்னி மட்டும் பழைய இரும்பு ரிம்மாகவே இருக்கும். நடுரோட்டில் பஞ்சரானால் அலாய் நட்டு அதற்குப் பொருந்தாமல் போகலாம். அதனால் பழைய நட்டு ஒரு செட்டை ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு வையுங்கள்.

அண்ணன் இப்போது வீலுக்கு ஏற்ற உருண்டை நட்டு மாட்டிவிட்டார். கெட்டுப்போன ஸ்டட்டுகளையும் மாற்றிவிட்டார். அந்தப் பழைய வீல்களுக்குக் கொடுத்த விலையோடு பார்த்தால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லையாம். போன வாரம் திருத்தணி கிளம்பியபோது, அவருடைய மகள்தான் டார்ச் அடித்து எண்ணினாள்: “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... அப்பா, எல்லாம் இருக்கு!”

அதற்குப் பிறகுதான் அண்ணன் சாவியைத் திருகினார்.