ஈபிள் கோபுரத்துக்கு என்ன கலர்?

குட்டீஸ்! பள்ளிக் கண்காட்சிக்காக ஐஸ் குச்சியிலோ, அட்டையிலோ ஈபிள் கோபுரம் செய்திருக்கிறீர்களா? ஒட்டி முடித்ததும் ஒரு கேள்வி வரும். என்ன கலர் அடிப்பது? இரும்புக் கோபுரம்தானே என்று சில்வர் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

ஆசிரியராக இருந்தபோது ஒரு கண்காட்சிக்கு என்னை நடுவராகப் போட்டார்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தீக்குச்சிகளாலேயே ஈபிள் கோபுரம் செய்து வைத்திருந்தாள். அடியில் ஆரஞ்சு கலந்த மஞ்சள். மேலே போகப் போக வெளிர் மஞ்சள். "கோபுரம் பழுப்பு நிறம்தானேம்மா, இது என்ன மாம்பழக் கலர்?" என்று கேட்டுவிட்டேன். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "பழைய புத்தகத்துல இப்படித்தான் சார் இருந்துச்சு" என்றாள். நான் நம்பவில்லை, மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவள் அடித்தது சரியான கலர்! 1900ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, 1899ல் அந்தக் கோபுரத்துக்கு அப்படித்தான் பெயின்ட் அடித்தார்கள். அடியில் ஆரஞ்சு மஞ்சள், உச்சியில் வெளிர் மஞ்சள், மொத்தம் ஐந்து சாயல்கள்.

இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, ஈபிள் கோபுரத்துக்குச் சுமார் ஏழு வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடிப்பது வழக்கம். ஒரு முறைக்கு 60 டன் பெயின்ட் பிடிக்கும்! கலரும் ஒரே கலர் இல்லை. 1887-88ல் கட்டும்போது வெனிஸ் சிவப்பு. நம் வாசலில் கோலத்துக்குக் கரை கட்டுகிறோமே காவி, அதைப் போல இதுவும் இரும்பு ஆக்சைடில் வரும் சிவப்புதான். 1889ல் திறந்தபோது செம்பழுப்பு. 1892ல் மஞ்சள் கலந்த காவிப் பழுப்பு. பிறகு நான் கேலி செய்த மாம்பழக் கலர். 1907ல் மஞ்சள் பழுப்பு, 1954ல் மறுபடி செம்பழுப்பு. 1968ல் 'ஈபிள் கோபுரப் பழுப்பு' என்றே ஒரு கலர் வந்தது. அதையும் அடியில் அடர்த்தியாக, மேலே வெளிறலாக மூன்று சாயல்களில் பூசினார்கள். அப்போதுதான் வானத்தின் பின்னணியில் முழுக் கோபுரமும் ஒரே கலராகத் தெரியுமாம்! 2019ல் தொடங்கிய 20-வது பெயின்ட் வேலைக்கு 1907-ன் மஞ்சள் பழுப்பையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே 'என்ன கலர்?' என்று கேட்பதற்கு முன், 'எந்த வருடம்?' என்று கேட்க வேண்டும். வருடம் மாறினால் உருவமும் மாறும். 1889ல் உச்சியில் கொடிக்கம்பம். அதோடு சேர்த்து உயரம் 312 மீட்டர். டி.வி. ஆன்டெனா வந்தது 1957ல்தான். ஆன்டெனா வைத்துவிட்டு மாம்பழக் கலர் அடித்தால் அதுதான் தப்பு!

சரி, அந்தக் காலத்துக் கலரை எப்படிக் கண்டுபிடிப்பது? கறுப்பு வெள்ளைப் போட்டோவை நம்பி ஏமாறாதீர்கள். பழைய போட்டோத் தகடுகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சிவப்புப் பொருள் கறுப்பாக விழும். ஓவியமும் முழுச் சாட்சி ஆகாது. ஷோரா என்ற ஓவியர் 1889 வாக்கில் ஈபிள் கோபுரத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்தார். பல கலர்ப் புள்ளிகள் கலந்திருக்கும் அந்தப் படத்தில் பெயின்ட் கலரை எங்கே தேடுவது?

நிபுணர்கள் பழைய கட்டடங்களில் பெயின்ட்டை ஒரு சிறு இடத்தில் சுரண்டிப் பார்க்கிறார்கள். வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக வரும். ஒரு சில்லை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, அடியிலிருந்து எண்ணுகிறார்கள். எண்ணெய் கலந்த பெயின்ட் நாளாக ஆக மஞ்சளித்துப் போகும். வெயிலில் சில கலர்கள் வெளுக்கும். அதற்கும் கணக்குப் போட்டுத்தான் முடிவு சொல்வார்கள். செலவு எண்ணிய கணக்கேடு கிடைத்தால் இன்னும் நல்லது.

நமக்குச் சுரண்ட பாரிஸ் போக வழியில்லை. போஸ்டர் கலர் போதும். ஆரஞ்சில் நீலம் துளித்துளியாகச் சேர்த்தால் பழுப்பு வரும். சிவப்பு கூட்டினால் செம்பழுப்பு. முதலில் துண்டு அட்டையில் தடவி, காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் கலர் வேறு மாதிரி தெரியும். சரியான கலர் வந்ததும் ஒரு துளி வெள்ளை சேருங்கள். அசல் கலரைக் கையளவு மாதிரியில் அப்படியே அடித்தால் இருட்டடித்த மாதிரி இருக்கும். தூரத்தில் தெரியும் மலை வெளிறித் தெரிகிறதல்லவா? மாதிரி என்பதும் தூரத்திலிருந்து பார்க்கும் கட்டடம் போலத்தான்.

கடைசியாக, பெயர் அட்டையில் 'ஈபிள் கோபுரம்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'ஈபிள் கோபுரம், 1900' என்று வருடத்தையும் பெரிதாக எழுதி வையுங்கள். என்னைப் போல ஒரு நடுவர் வந்து நிற்கக்கூடும்!