விஷமமும் சங்கடமும்

நம் பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு பெருமை உண்டு. "எங்களுக்கு இரண்டு பாஷை தெரியும்" என்போம். எனக்கும் அந்தப் பெருமை இருந்தது. அது அடங்கிய கதையைச் சொல்கிறேன்.

1980களின் தொடக்கத்தில், ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, தமிழ்நாட்டிலிருந்து பாலக்காட்டுக்கு வந்த புதிது. ஒருநாள் காலை ஒரு கேங்மேன் வந்து, "வலிய விஷமத்திலாணு சாரே, ரெண்டு திவசம் லீவு வேணம்" என்றார். எங்கள் ஊரில் விஷமம் என்றால் குறும்பு. "விஷமம் பண்ணுகிறவருக்கு லீவு எதற்கு?" என்று சிரித்தேன். அவர் பதில் பேசாமல் வேலைக்குப் போய்விட்டார். மாலையில் வயதான கீமேன் ஒருவர் வந்துதான் விஷயத்தைச் சொன்னார். மலையாளத்தில் விஷமம் என்றால் மனவேதனை. அவருடைய தாயார் கடைசி மூச்சில் இருந்தார். உடனே அனுப்பி வைத்தேன். அவர் போய்ச் சேர்வதற்குள் தாயார் கண்மூடிவிட்டார்.

திரும்பி வந்தபின் அவர் என்னை ஒரு வார்த்தை கூடக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

இது ஏன் நடக்கிறது? விஷமம் வடமொழிச் சொல். மேடுபள்ளம், சமமில்லாதது என்பது அதன் பொருள். மலையாளத்தில் அது கஷ்டமாகி, பிறகு துக்கமாயிற்று. தமிழில் சேட்டையாயிற்று. சங்கடமும் அப்படித்தான். நமக்குச் சங்கடம் என்றால் இக்கட்டு, தர்மசங்கடம். அவர்களுக்கோ கண்ணீர் வரும் துயரம்.

'ஸ்நேகம்' என்றால் எண்ணெய்ப் பசை, அன்பு என்று இரண்டு பொருள் உண்டு. மலையாளத்தில் தாயின் பாசமும், கணவன் மனைவி அன்பும் ஸ்நேகம்தான். தமிழில் சிநேகம் நட்போடு நின்றுவிட்டது. 'இஷ்டமாணு' என்று மலையாளி சொன்னால் பிடித்திருக்கிறது என்று பொருள். நம் வீட்டில் "உன் இஷ்டம்" என்று சொன்னால் அன்றைக்குச் சமையலறையில் பாத்திரச் சத்தம் அதிகமாகும்!

மலையாளப் பள்ளிக்குப் போகும் பேரன், "தாத்தா, இருட்டில் பேடியா இருக்கு" என்கிறான். பயமாக இருக்கிறது என்று சொல்கிறான். தாத்தாவோ, "நம் வம்சத்தில் பேடி கிடையாதுடா!" என்று மீசையை முறுக்குகிறார்.

1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் உருவானபோது சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு பகுதித் தமிழர்கள் இங்கேயே இருந்தார்கள். அன்று முதல் பள்ளி, ஆஸ்பத்திரி, ஆபீஸ், தேயிலைத் தோட்டம் என்று எங்கும் இரு மொழியும் கலந்தே புழங்குகின்றன. தெரியாத சொல்லால் ஆபத்து இல்லை. தெரியாது என்றால் கேட்டுக்கொள்வோம். தெரிந்த சொல்லைப் போலவே ஒலிக்கும் சொல்தான் காலை வாரிவிடும். அதிலும் மனத்தைச் சொல்லும் சொல்லாக இருந்துவிட்டால், காயம் ஆற நாளாகும்.

அந்த நாளுக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யாராவது வந்து நின்றால் வார்த்தைக்கு முன்னால் முகத்தைப் பார்ப்பேன். பிறகு, "என்ன ஆச்சு?" என்று ஒரு தடவை கேட்பேன். பணியிலிருந்த காலம் முழுவதும் கேட்டேன். இப்போது வீட்டிலும் கேட்கிறேன். ஒரே மொழி பேசும் வீட்டிலும் அந்தக் கேள்வி வேண்டித்தான் இருக்கிறது.