கேட்பதற்கு ஒரு செவி

உடலில் பட்ட காயம் ஆறிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து அறியலாம். இளமையில் மனத்தில் பட்ட காயமோ ஆறியதுபோல் தோன்றி, முதுமையில் மீண்டும் வலிக்கக்கூடும். பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற மனநல மருத்துவர் போரிஸ் சிருல்னிக்கின் வாழ்க்கை இதைப் புரிந்துகொள்ள உதவும்.

அவர் 1937ஆம் ஆண்டு போர்தோ நகரில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரான்ஸ் நாஜிகளின் பிடியில் விழுந்தது. பெற்றோர் இருவரும் அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பி வரவில்லை. ஓர் ஆசிரியை சிறுவனைத் தம் வீட்டில் மறைத்து வளர்த்தார். 1944 ஜனவரியில் ஆயுதமேந்தியோர் அங்கு வந்து, ஆறு வயதுப் பிள்ளையைக் கைது செய்தனர். பிடிபட்ட யூதர்கள் நகரின் தொழுகைக்கூடத்தில் அடைக்கப்பட்டனர். சிறுவன் கழிவறைச் சுவர்களில் கைகால்களை ஊன்றி ஏறி, மேற்கூரையை ஒட்டி ஒளிந்துகொண்டான். பின்னர் ஒரு செவிலியர், படுகாயமுற்ற பெண்ணொருத்தியின் படுக்கைக்கு அடியில் அவனை மறைத்து வெளியே அனுப்பினார்.

போர் முடிந்தபின் நடந்ததை அவன் சொன்னான். பெரியவர்கள் நம்பவில்லை, சிலர் சிரிக்கவும் செய்தனர். அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். அந்த மௌனம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அக்கதையை விரிவாக எழுதி அவர் நூலாக வெளியிட்டது 2012இல். அப்போது அவருக்கு வயது 75. துயரிலிருந்து மீண்டெழும் திறனைப் பற்றியே அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். அத்திறன் தனியொருவரின் மனவலிமை மட்டுமன்று, அன்போடு துணைநிற்கும் மனிதர்களால் வளர்வது என்பது அவரது கருத்து.

இத்தகைய துன்பத்தைக் கடந்து வந்த குழந்தைகள் முதுமையில் மருத்துவமனைக்கு வரும்போது, சீருடை, உரத்த கட்டளை, குளியலறை, பூட்டிய கதவு ஆகியவை பழைய அச்சத்தை எழுப்பக்கூடும். பசியை அறிந்த சிலர் ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைப்பர். மறதிநோய் அண்மை நிகழ்வுகளை அழிக்கும்போது, பழைய நினைவுகள் மேலெழுவதும் உண்டு. இவற்றைப் பிடிவாதம் என்று கருதலாகாது.

போர், கலவரம், பேரிடர், வன்முறை என எதன் வழியாக வந்த காயமாயினும், உடனிருப்போர் செய்யத்தக்கவை சில உண்டு. தொடுமுன் என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லுங்கள். கதையைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். அவராகச் சொல்லத் தொடங்கினால், “பழையதை மறந்துவிடுங்கள்” என்று இடைமறிக்காமல் இறுதிவரை கேளுங்கள். அவரை அச்சுறுத்துபவை எவை என்பதை அவரது இசைவுடன் செவிலியரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். உறக்கமின்மை, கெட்ட கனவு, திடீர்ப் பதற்றம் ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரிடம் கூறத் தயங்காதீர்கள். எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும் இதற்கும் சிகிச்சை உண்டு.