இரும்பு மாத்திரையை 'அபேஸ்' செய்யும் டீ!

காலையில் ஒரு இரும்புச் சத்து மாத்திரை. கையோடு ஒரு கிளாஸ் டீ. "ரத்தம் ஊறிடும்" என்று நம்பிக்கை.

எங்கே ஊறும்? பாதி வழியிலேயே 'அபேஸ்'!

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் கணக்கு இது. கர்ப்பிணிகளுக்கு அரசு 180 நாள் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. விழுங்கியது அத்தனையும் ரத்தத்தில் சேருவதில்லை!

குடலில் ஒரு வாசல்

இரைப்பையைத் தாண்டியதும் வரும் சிறுகுடலின் முதல் பகுதிதான் இரும்புக்கு வாசல். அங்கே நுழைந்தால்தான் ரத்தம். நுழையாதது மலத்தோடு வெளியே! மாத்திரை போடுகிறவர்களுக்கு மலம் கருப்பாகப் போவது இதனால்தான்.

டீ, காபியில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வாசலில் நுழைய விடாது. பாலும், எலும்புக்குப் போடும் கால்சியம் மாத்திரையும், நெஞ்செரிச்சல் மருந்தும் இடைஞ்சல்தான்.

எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றில் உள்ள வைட்டமின் 'சி' இரும்புக்குக் கூட்டாளி. உள்ளே போக உதவி செய்யும்.

ரெண்டாகப் போட்டால்?

"நேத்து மறந்துட்டேன். இன்னைக்கு ரெண்டு போட்டுக்கிறேன்" என்பார்கள். பலன் இரட்டிப்பு ஆகாது! இரும்பு உள்ளே வந்ததும் கல்லீரல் 'ஹெப்சிடின்' என்ற பொருளைச் சுரக்கும். அது வாசலை ஒடுக்கிவிடும். சுமார் ஒரு நாள் வரை இந்தக் கெடுபிடி நீடிக்கும். கூடுதல் மாத்திரையால் வயிற்று வலியும் மலச்சிக்கலும்தான் மிச்சம்.

எப்போது போடுவது?

சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். டீ, காபிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி. கால்சியம் மாத்திரை வேறு வேளையில்!

குமட்டுகிறதா? தூக்கி எறிந்துவிடாதீர்கள். சாப்பிட்ட கையோடு போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் குறைவாகச் சேரும். ஆனால் அடியோடு நிறுத்துவதற்கு அது எவ்வளவோ மேல். டாக்டரிடம் சொன்னால் வேளையை மாற்றித் தருவார்.

உஷார்!

பளபளவென்று சிவப்பாக இருக்கும் மாத்திரை, பிள்ளைகள் கண்ணுக்கு மிட்டாய்! அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மாத்திரை டப்பா பிள்ளைகளுக்கு எட்டாத பரணிலேயே இருக்கட்டும்!