வட்டி தராத வங்கி!

பேங்க்கில் பணம் போட்டால் வட்டி வரும் - பி.காம். படித்த எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். கண் வங்கியில் கணக்கே வேறு! போட்டது ஒருநாளும் ஏறாது. குறையாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு!

தானமாக வந்த கண்ணிலிருந்து பொருத்துவது கருவிழியை மட்டும்தான். பெயர்தான் 'கரு'... நிஜத்தில் கண்ணாடி மாதிரி தெளிவான, சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகடு. அதன் உட்புறம் ஒரே ஒரு வரிசை செல்கள். கருவிழிக்குள் ஊறும் நீரை ராப்பகலாக இறைத்துத் தள்ளுவது இவைதான். இவை படுத்துவிட்டால் கருவிழி ஊதி, மங்கிப்போகும். செத்ததற்குப் பதிலாகப் புதுசு முளைக்காது. இருப்பதுதான் மூலதனம்!

முன்பெல்லாம் முழுக் கண்ணையும் ஈரத்தோடு பாட்டிலில் அடைத்து, 4 டிகிரி குளிரில் வைப்பார்கள். மிஞ்சிப்போனால் இரண்டு நாள் தாங்கும். 1974-ல் அமெரிக்காவில் மெக்கேரி, காஃப்மன் இருவரும் ஒரு திரவம் தயாரித்தார்கள். கருவிழியை மட்டும் எடுத்து அதில் போட்டு, அதே குளிரில் வைத்தால் நாலு நாள் வரை கெடாது. அதிலுள்ள டெக்ஸ்ட்ரான், கருவிழி தண்ணீர் குடித்து ஊதாமல் தடுக்கும். ஆன்ட்டிபயாடிக் கிருமிகளைக் கவனித்துக்கொள்ளும். அப்புறம் வந்த திரவங்கள் 14 நாள் வரை தாங்குகின்றன. மதுரை அரோலேப் தயாரிக்கும் 'கார்னிசால்' இந்த ரகம்.

'அதான் 14 நாள் இருக்கே, என்ன அவசரம்?' என்கிறீர்களா? அங்கேதான் கோளாறு! எந்தத் திரவமும் செத்த செல்லைப் பிழைக்க வைக்காது. பாட்டிலுக்கு வருமுன் போனது, போனதுதான். அந்த முதல் சில மணி நேரம் கண் இருப்பது பெரும்பாலும் நம் வீட்டுக் கூடத்தில்!

அங்கே நாம் என்ன செய்கிறோம்? தலைமாட்டில் ஃபேனைச் சுழல விடுகிறோம். இமை லேசாகத் திறந்திருந்தால் போதும், காற்று கருவிழியைக் காயவைத்துவிடும். ஆகவே முதலில் ஃபேனை நிறுத்துங்கள். ஏ.ஸி. இருந்தால் போடலாம். இமைகளை மூடி, மேலே சுத்தமான ஈரப் பஞ்சை வையுங்கள். தலைக்கு ஒரு தலையணை. உடனே கண் வங்கிக்கு போன் - ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். போனவர் கண்ணாடி போட்டவரா, காட்டராக்ட் ஆபரேஷன் ஆனவரா? பரவாயில்லை. முகமும் விகாரமாகாது.

'அழுகைக்கு நடுவில் யாருக்குங்க இதெல்லாம் ஞாபகம் வரும்?' நியாயம்தான். அதனால்தான் இப்போதே வீட்டில் பேசி, கண் வங்கி நம்பரைக் காலண்டர் பக்கத்தில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் காதிலும் போட்டு வையுங்கள். ஓடிவந்து ஃபேன் சுவிட்சை அணைக்கிறவர்தான் கண் வங்கியின் முதல் கேஷியர்!